குகை அகழாய்வுச் செய்தியைப் படிக்கும் முறை: லியாங் புவாவை முன்வைத்து

இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் லியாங் புவா என்றொரு குகை இருக்கிறது. அங்கே அதுவரை அறியப்படாத ஒரு மனித இனத்தின் எலும்புக்கூடு கிடைத்ததாக 2004 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் அறிவிப்பு வந்தது. அந்தச் செய்தியில் மூன்று விவரங்கள் முன்னே நின்றன. அது வளர்ந்த ஒரு பெண்ணின் எலும்புக்கூடு, உயரம் ஒரு மீட்டரைச் சற்றே மிஞ்சும். அவளுடைய மூளையின் அளவு நம் மூளையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அவள் வாழ்ந்தது 18,000 ஆண்டுகளுக்கு முன்பு. முதலிரண்டும் சிறு திருத்தங்களோடு இன்றுவரை நிற்கின்றன. மூன்றாவதை அதே ஆய்வுக் குழுவினர் 2016இல் தாங்களே கைவிட்டார்கள். உலகம் அதிகம் வியந்ததோ அந்த மூன்றாவதைக் கண்டுதான். நம் இனம் உலகின் பல பகுதிகளில் பரவிவிட்ட பிறகும் இன்னொரு மனித இனம் ஒரு தீவில் தனித்து வாழ்ந்தது என்ற கதை அந்த ஓர் எண்ணின் மேல் கட்டப்பட்டிருந்தது.

வரலாற்றுக்கு முந்தைய குகைகளைப் பற்றிய செய்திகள் ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கின்றன. தொல்லியல் படிக்காத ஒருவர் அவற்றில் எதை நம்பலாம், எதை நிறுத்தி வைக்கலாம் என்று பிரித்தறிவது இயலாத காரியம் அல்ல. அதற்கு ஆய்வகம் தேவையில்லை, கேள்விகளின் வரிசை மட்டும் சரியாக இருந்தால் போதும். செய்தித்தாள் பெரும்பாலும் எலும்பில் தொடங்கி, இனத்தின் பெயருக்குத் தாவி, இறுதியில் இடத்தைப் பற்றி ஒரு வரி சொல்லி முடிக்கும். நாம் அதைத் தலைகீழாகப் படிக்க வேண்டும்: முதலில் இடம், பிறகு மண், பிறகு வயது, அதன் பிறகே எலும்பும் பெயரும். லியாங் புவாவை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு அந்த வரிசையை இங்கே விளக்குகிறேன். தேவைப்படும் இடங்களில் வேறு சில குகைகளுக்கும் போய்வருவோம்.

தொடங்குமுன் ஒரு குறிப்பேட்டில் நெடுக்காகக் கோடிட்டு நான்கு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். பொருள் எங்கே, எந்த மண்ணில் கிடந்தது என்பது முதல் பத்தி. எந்தப் பொருளின் வயதை நேரடியாகக் கணித்தார்கள் என்பது இரண்டாவது. அந்தப் பொருள் மனிதர் கொண்டுவராமல் வேறு எவ்வகையில் அங்கே வந்திருக்கக்கூடும் என்பது மூன்றாவது. இனி என்ன கிடைத்தால் இந்த முடிவு மாறும் என்பது நான்காவது. இரண்டாம் பத்தியைப் பென்சிலால் எழுதுவது நல்லது. ஏன் என்பது விரைவில் விளங்கும்.

இடத்திலிருந்து தொடங்குதல்

லியாங் புவா என்றால் அப்பகுதி மக்களின் மங்கராய் மொழியில் 'குளிர்ந்த குகை' என்று பொருள். ருத்தெங் என்னும் ஊருக்கு வடக்கே, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில், வே ராசாங் ஆற்றுப் பள்ளத்தாக்கை நோக்கி அது திறந்திருக்கிறது. வாயில் சுமார் 30 மீட்டர் அகலம் கொண்டது. கூரை மிக உயரம், பகல் வெளிச்சம் உள்ளே தாராளமாக வரும். இருண்டு குறுகிய பொந்தை மனத்தில் வைத்துக்கொண்டு படிப்பவர் இந்த அளவுகளைக் கண்டதும் தம் கற்பனையைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். 1950களில் டச்சுப் பாதிரியார் தியோடர் வெர்ஹோவன் இதைப் பள்ளிக்கூடமாகவே பயன்படுத்தினார் என்றால் எவ்வளவு விசாலமான இடம் என்பது தெரியும். அவர்தான் 1965இல் இங்கே முதன்முதலில் அகழ்ந்து பார்த்தவர்.

இந்த விவரங்கள் அலங்காரத்துக்காகச் சொல்லப்படுபவை என்று எண்ணித் தாண்டிவிடக் கூடாது. குகையின் பாறை எத்தகையது என்பதே அங்கே என்ன மிஞ்சும் என்பதைத் தீர்மானிக்கிறது. லியாங் புவா சுண்ணாம்புக்கல் குகை. சுண்ணாம்பு கலந்த மண் அமிலத்தன்மை குறைந்தது என்பதால் எலும்பு அதில் நெடுங்காலம் தங்கும். திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டிக்கு அருகே உள்ள குடியம் குகைகளை எண்ணிப் பாருங்கள். அவை கூழாங்கற்கள் இறுகிய பாறையில் அமைந்த பெரிய பாறை ஒதுங்கிடங்கள். அங்கே 1960களில் நடந்த அகழாய்வில் பழைய கற்காலக் கருவிகள் கிடைத்தன, அவற்றைச் செய்தவர்களின் எலும்புகள் கிடைக்கவில்லை. பல்லாவரத்தில் 1863இல் கைக்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், இருபது ஆண்டுகள் கழித்துத் தம் மகனோடு கர்நூல் பகுதியின் பில்லசுர்க்கம் குகைகளை அகழ்ந்தபோது விலங்கெலும்புகள் ஏராளமாகக் கிடைத்தன, ஏனெனில் அவை சுண்ணாம்புக்கல் குகைகள். ஆகவே 'இந்தக் குகையில் மனித எலும்பு இல்லை' என்ற வரியைக் கண்டால், அங்கே மனிதர் இல்லை என்று கொள்வதற்கு முன் பாறை என்ன என்று பாருங்கள்.

பாறைக்கு அடுத்துத் தண்ணீர். குகை என்பது மூடிவைத்த பெட்டி அன்று. கூரையிலிருந்து கல் விழுகிறது, சுவரோரம் நீர் கசிகிறது, வாயில் வழியாக வெள்ளம் மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகிறது, சில காலங்களில் அதே வெள்ளம் கொட்டியதை அரித்துக்கொண்டும் போகிறது. நிலநூலாளர் ஒருவர் அகழாய்வுக் குழுவில் இருக்கிறாரா, குகை மண் எவ்வாறு சேர்ந்தது என்று கட்டுரையில் ஒரு பகுதியாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் முதல் பத்தியில் ஒரு கேள்விக்குறி இட்டுவிட்டு மேலே செல்லலாம்.

மண்சுவரைப் படித்தல்

ஆய்வுக் கட்டுரைகளை எடுத்தால் நான் படங்களில்தான் தொடங்குகிறேன். குறிப்பாகக் குழியின் சுவரை வெட்டுமுகமாக வரைந்த படத்தில். அகழ்வுக்குழியை இறக்கும்போது அதன் நான்கு சுவர்களும் செங்குத்தாகச் சீவி விடப்படும். அந்தச் சுவர்களில் மண்ணடுக்குகள் நிறத்தாலும் பருமனாலும் ஈரத்தாலும் வேறுபட்டுத் தெரியும். ஒவ்வோர் அடுக்குக்கும் எண்ணிட்டு வரைந்துவைப்பது அகழாய்வாளரின் அன்றாட வேலை. பொருள்கள் அருங்காட்சியகத்துக்குப் போய்விடும், தோண்டிய மண் திரும்பக் கிடைக்காது. பொருள் எங்கே கிடந்தது என்பதற்கு மிஞ்சும் சாட்சி அந்த வரைபடமும் குழியின் பதிவேடுமே.

எல்பி1 என்று எண்ணிடப்பட்ட அந்தப் பெண்ணின் எலும்புகள் 2003 செப்டம்பரில், குகையின் கிழக்குச் சுவரை ஒட்டிய ஏழாம் பகுதியில், தரையிலிருந்து 5.9 மீட்டர் ஆழத்தில் வெளிப்பட்டன. அவ்வளவு ஆழத்துக்கு இறங்கக் குழியின் சுவர்களை மரச்சட்டங்களால் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆர். பி. சுயோனோவும் மைக் மோர்வுட்டும் தலைமையேற்ற இந்தோனேசிய – ஆஸ்திரேலியக் கூட்டுக் குழுவில் தாமஸ் சுத்திக்னா, வாயு சப்தோமோ போன்ற இந்தோனேசிய ஆய்வாளர்களும், கையால் மண்ணை அள்ளிய மங்கராய் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். எலும்புகள் கல்லாக மாறியிருக்கவில்லை. நனைந்த மைஒற்றும் தாளைப் போல் தொட்டால் நசுங்கும் நிலையில் இருந்தன. ஆகையால் உடனே எடுக்காமல், உலரவிட்டு, பசையிட்டு உறுதியாக்கிய பிறகே மண்ணோடு சேர்த்து வெட்டி எடுத்தார்கள். தோண்டிய மண் முழுவதும் மூட்டை மூட்டையாகச் சுமந்து செல்லப்பட்டு, அருகிலிருந்த நெல்வயல்களில் தண்ணீர்விட்டுச் சலிக்கப்பட்டது. ஒரு பல்லோ எலியின் தாடையோ தவறிவிடக் கூடாது என்பதற்காகச் செய்யும் வேலை அது. மண்ணைச் சலித்தார்களா, எந்தச் சல்லடையில் சலித்தார்கள் என்று சொல்லும் கட்டுரைக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். சலிக்காத குகையில் சிறிய எலும்புகள் 'இல்லை' என்று சொல்வதற்குப் பொருளே கிடையாது.

இப்போது 18,000 ஆண்டு என்ற அந்தப் பிழைக்கு வருவோம். ஆற்றங்கரையில் வெள்ளம் ஒரு பக்கத்தை அரித்துப் பள்ளமாக்கிவிட்டுப் போகிறது. அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்தப் பள்ளத்தில் புதுமணல் நிறைந்து, மேற்பரப்பு மறுபடி மட்டமாகிவிடுகிறது. பின்னாளில் ஒருவர் அங்கே கிணறு வெட்டினால், பழைய கரைமண்ணும் புதுமணலும் ஒரே ஆழத்தில் பக்கத்துக்குப் பக்கம் இருக்கக் காண்பார். ஆழம் ஒன்று, வயது வேறு. லியாங் புவாவில் நடந்தது இதுதான். சிறுமனிதர்களின் எலும்புகள் இருந்த பழைய மண்மேடு ஒரு காலத்தில் சரிவாக அரிக்கப்பட்டது. அந்தச் சரிவின்மேல் மிகப் பிற்காலத்து மண் வந்து படிந்தது. 2003இல் வெட்டிய குழிகள் குறுகியவை என்பதால் அந்தச் சாய்வான எல்லை கண்ணுக்குப் பிடிபடவில்லை. எலும்புக்கூட்டுக்கு அருகே அதே ஆழத்தில் கிடைத்த கரித்துண்டுகளை வைத்து 18,000 ஆண்டு என்று கணித்தார்கள். கரியின் வயது கணக்கில் பிழையில்லை. அந்தக் கரி சரிவின் மறுபக்கத்து மண்ணைச் சேர்ந்தது என்பதுதான் தவறிப்போனது. 2007 முதல் 2014 வரை பழைய குழிகளைச் சுற்றி அகலமாக வெட்டிக்கொண்டே போன பிறகுதான் அந்த எல்லைக்கோடு முழுமையாகத் தெரிந்தது.

ஆகவே 'இத்தனை மீட்டர் ஆழத்தில் கிடைத்தது' என்ற செய்தியை வயதுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வரைபடத்தில் அடுக்குக் கோடுகள் படுத்திருக்கின்றனவா, சாய்ந்திருக்கின்றனவா, எங்கேயாவது ஒரு கோடு மற்றவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்கிறதா என்று விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். குறுக்கே வெட்டும் கோடு இருந்தால், எலும்பு அதற்கு எந்தப் பக்கம், வயது கணித்த பொருள் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். இரண்டும் ஒரே பக்கம் என்று உறுதியாகத் தெரியும்வரை இரண்டாம் பத்தி பென்சிலிலேயே இருக்கட்டும்.

வளைகளும் பொந்துகளும் இன்னொரு தொல்லை. ஈராக்கின் குர்திஸ்தான் பகுதியில் உள்ள ஷானிதார் குகையில் ரால்ஃப் சோலெக்கி கண்டெடுத்த, நியாண்டர்தால் என்னும் மறைந்துபோன மனித இனத்தின் எலும்புக்கூடு ஒன்றைச் சுற்றி மலர்மகரந்தம் திரளாக இருந்ததால், இறந்தவரை மலர்மேல் கிடத்திப் புதைத்தார்கள் என்ற விளக்கம் உலகெங்கும் புகழ்பெற்றது. பின்னர் வந்தவர்கள், அந்த மண்ணில் கொறிவிலங்குகளின் வளைகள் இருப்பதையும், அவை பூக்களை வளைக்குள் சேர்த்துவைக்கும் பழக்கமுடையவை என்பதையும் சுட்டினார்கள். தேனீ இனங்கள் கொண்டுவந்த மகரந்தமாக இருக்கலாம் என்ற கருத்தும் அண்மையில் வந்திருக்கிறது. மலர் அடக்கம் பொய்யென்று இதனால் நிறுவப்பட்டுவிடவில்லை. மூன்றாம் பத்தியில் எழுத இரண்டு வரிகள் கிடைத்திருக்கின்றன, அவ்வளவே.

வயதை விசாரித்தல்

ஒரு செய்தியில் 'எலும்பின் வயது 40,000 ஆண்டு' என்று இருந்தால், முதலில் கேட்க வேண்டியது எலும்பையே கணித்தார்களா, அதன் அருகிலிருந்த ஒன்றைக் கணித்தார்களா என்பது. பெரும்பாலும் இரண்டாவதாகவே இருக்கும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு நிகழ்ச்சியின் வயதைச் சொல்கிறது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

கதிரியக்கக் கரிம முறை ஓர் உயிர் இறந்து எவ்வளவு காலமாயிற்று என்று சொல்லும். கரித்துண்டு என்றால் அந்த மரம் வளர்ந்து நின்ற காலத்தைத்தான் அது காட்டும், அடுப்பு எரிந்த நாளை அன்று. பழைய பட்டமரத்தை எரித்திருந்தால் வயது கூடுதலாக வரும். கரிமம்-14இன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள் என்பதால், சுமார் 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் அளக்க எதுவும் ஏறக்குறைய மிஞ்சாது. ஆகையால் இம்முறையில் '48,000' என்று வரும் விடையைக் கண்டால் எச்சரிக்கை கொள்ளுங்கள். எல்லைக்கு அருகே இருக்கும்போது மிகச் சிறிய அளவு புதுக் கரிமம் கலந்தாலும், உண்மையில் அதைவிடப் பல மடங்கு பழையதான பொருள் அந்த எண்ணைக் காட்டிவிடும். காற்றிலிருந்த கரிமம்-14இன் அளவு காலந்தோறும் மாறியதைக் கணக்கில் கொண்டு அளவுதிருத்தம் செய்த ஆண்டா, செய்யாத ஆண்டா என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரே மாதிரிக்கு இரண்டு செய்திகள் இரண்டு எண்களைக் கொடுப்பதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம்.

ஒளிவெளியீட்டு முறை மணல்துகள்கள் கடைசியாக எப்போது வெயிலைக் கண்டன என்பதைக் கணிக்கிறது. அதாவது மண் புதைந்த காலத்தை. மண்ணுக்குள் பிறகு ஒருவர் குழிதோண்டி ஏதேனும் புதைத்திருந்தால், மண்ணின் வயது அந்தப் பொருளுக்குப் பொருந்தாது. யுரேனியம் சிதைந்து வேறு தனிமமாக மாறும் வேகத்தை வைத்துக் கணிக்கும் யுரேனியத் தொடர் முறை சுண்ணாம்புப் படிவுகளுக்கு மிக நன்றாகப் பொருந்தும். எலும்பில் அதைச் செய்தால், எலும்பு புதைந்த பின் மண்ணிலிருந்து யுரேனியத்தை உறிஞ்சிய காலமே கிடைக்கும் என்பதால், பொதுவாக அதைக் குறைந்தபட்ச வயதாகவே கொள்ள வேண்டும். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவுக் குகை ஓவியங்களுக்குச் சொல்லப்படும் வயதுகளும் இத்தகையவையே. ஓவியத்தின் மேல் வளர்ந்த மெல்லிய சுண்ணாம்புப் படிவைக் கணித்து, லியாங் கரம்புவாங் குகையின் பன்றி ஓவியம் குறைந்தது 51,200 ஆண்டுப் பழமை என்று 2024இல் அறிவித்தார்கள். தமிழ்ச் செய்திகளில் அந்தக் 'குறைந்தது' அடிக்கடி விழுந்துவிடுகிறது. அதைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

லியாங் புவாவின் திருத்தம் நம்பத்தக்கதாக இருப்பதற்குக் காரணம் அது ஒரே முறையை நம்பவில்லை என்பதுதான். எலும்புகளிலேயே யுரேனியத் தொடர் முறையைச் செய்து பார்த்தார்கள், விடை ஏறக்குறைய 87,000 முதல் 66,000 ஆண்டுகள். எலும்பைச் சுற்றிய மண்ணை ஒளிவெளியீட்டு முறையில் கணித்தார்கள். புளோரஸ் எரிமலைத் தீவு என்பதால் குகைக்குள் பல காலங்களில் சாம்பல் படிந்திருக்கிறது. ஒவ்வொரு வெடிப்பின் சாம்பலுக்கும் தனித்த வேதிக் கலவை உண்டு. ஆகவே குகையின் ஒரு மூலையில் காணும் சாம்பலும் மறுமூலையில் காணும் சாம்பலும் ஒரே வெடிப்பைச் சேர்ந்தவையா என்று சோதித்து, தொலைவில் உள்ள குழிகளின் அடுக்குகளை ஒன்றோடொன்று கோக்க முடிந்தது. ஒரே நாளில் ஊரெங்கும் படிந்த தூசு எல்லா வீட்டுத் திண்ணையிலும் ஒரே காலத்தைக் குறிப்பது போன்ற ஏற்பாடு அது. இவை அனைத்தும் சேர்ந்து, அந்த இனத்தின் எலும்புகள் 1,00,000 முதல் 60,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை, அவர்களுடையவை எனக் கருதப்படும் கற்கருவிகள் 1,90,000 முதல் 50,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று காட்டின. 12,000 ஆண்டுகளுக்கு முன்புவரை அவர்கள் அங்கே வாழ்ந்தார்கள் என்ற பழைய முடிவு அதோடு போயிற்று.

ஒரு முறை மட்டும் செய்து, ஒரே ஒரு மாதிரியை அளந்து, துல்லியமான ஓர் எண்ணைத் தலைப்பில் போடும் அறிவிப்பைவிட, மூன்று முறைகளில் கணித்து அகலமான கால எல்லையைத் தரும் அறிவிப்பே மேலானது. துல்லியம் கவர்ச்சியாக இருக்கும். பத்தியில் எழுதும்போது எல்லையை முழுதாக எழுதுங்கள், நடு எண்ணை மட்டும் எடுக்க வேண்டாம்.

எலும்பைக் கொண்டுவந்தது யார்

குகையில் கிடக்கும் விலங்கெலும்புகளை எல்லாம் மனிதர் தின்று போட்டவை என்று கொள்வது மிகப் பழைய பிழை. கழுதைப்புலி குகைக்குள் இரையை இழுத்து வரும், முள்ளம்பன்றி எலும்பைக் கொண்டுவந்து கொறிக்கும், ஆந்தை கூரைப்பொந்தில் அமர்ந்து எலியின் எலும்பும் மயிரும் சேர்ந்த உருண்டைகளைத் துப்பிக்கொண்டே இருக்கும். லியாங் புவாவில் கிடைத்த எலும்புகளில் பெரும்பகுதி எலிகளுடையவை. பூனை அளவு வளரும் புளோரஸ் பேரெலி உட்படப் பல வகைகள். அவை மனிதரின் உணவுக்குச் சான்றாக இல்லாவிட்டாலும் சுற்றுப்புறத்துக்குச் சான்றாகின்றன. புல்வெளியை விரும்பும் எலிகளும் அடர்காட்டை விரும்பும் எலிகளும் எந்த அடுக்கில் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தவர்கள், சுமார் 60,000 ஆண்டுகளுக்கு முன்பு நிலத்தோற்றம் மாறியிருப்பதை அதிலிருந்து உய்த்துணர்ந்தார்கள். யாரும் கண்டுகொள்ளாத எலித்தாடைகள் இத்தனை பேசுவது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

குள்ள ஸ்டெகோடான் யானைகள், கொமோடோ உடும்பு, ஆளுயரத்தை மிஞ்சிய பெருநாரை, கழுகு ஆகியவற்றின் எலும்புகளும் அங்கே உண்டு. ஸ்டெகோடானை வேட்டையாடினார்களா, செத்ததைத் தின்றார்களா, அல்லது உடும்பு கொன்றதா என்று தீர்மானிக்க எலும்பின் பரப்பைப் பார்க்க வேண்டும். கல் அலகால் அறுத்த வடு ஒடுங்கி, ஆழமாக, உள்ளே நுண்கோடுகளோடு இருக்கும். விலங்கின் பல் பதிந்த வடு அகன்று மழுங்கி இருக்கும். கட்டுரையில் அறுத்த வடுக்களின் பெரிதாக்கிய படம் இருக்கிறதா என்று பாருங்கள். 'வேட்டையாடினார்கள்' என்ற சொல் இருந்து படம் இல்லையென்றால், அந்தச் சொல்லை 'எலும்புகள் கிடைத்தன' என்று குறைத்து எழுதிக்கொள்வது நேர்மை.

வேட்டை என்ற முடிவை எப்படி நிறுவ வேண்டும் என்பதற்கு இலங்கையின் களுத்துறை மாவட்டத்தில் உள்ள பாஹியன்கல குகை நல்ல எடுத்துக்காட்டு. அங்கே ஏறக்குறைய 45,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து வாழ்ந்த மக்கள் குரங்குகளையும் மலையணில்களையும் தேர்ந்து வேட்டையாடினார்கள் என்று 2019இல் வெளிவந்த ஆய்வு வாதிட்டது. எலும்புகளில் அறுத்த வடுக்களும் எரிந்த தடங்களும் இருந்தன. கிடைத்தவற்றில் முழு வளர்ச்சி பெற்ற விலங்குகள் மிகுதி. குட்டியும் கிழடும் அகப்படும் இடத்தில் எடுப்பவை இரைகௌவும் விலங்குகள், வளர்ந்ததைத் தேர்ந்து எடுப்பது திட்டமிட்ட வேட்டைக்கு அடையாளம். அதே குகையில் எலும்பை உராய்ந்து கூராக்கிய முனைகளும் கிடைத்தன. அவற்றில் சில அம்புமுனைகளாகப் பயன்பட்டவை என்று 2020இல் விளக்கினார்கள். வடு, வயதுப் பகிர்வு, கருவி என மூன்று தனித்தனிச் சான்றுகள் ஒரே பக்கம் சாய்கின்றன. 'வேட்டை' என்று மைப்பேனாவால் எழுதலாம்.

கற்கருவிகளைப் பொறுத்தவரை ஒன்று மட்டும் சொல்கிறேன். குகைக்கூரையிலிருந்து விழும் கல்லும் உடையும், சில வேளைகளில் செதில்போலவே உடையும். அடித்த இடத்தில் புடைத்த குமிழ், அதே கல்லிலிருந்து அடுத்தடுத்துச் செதில் எடுத்த தழும்புகள், அந்த இடத்தில் இயற்கையாகக் கிடைக்காத கல்வகை ஆகியவை சேர்ந்து இருந்தால் ஐயம் குறையும்.

பெயரும் குடும்பமும்

இடம், மண், வயது, எலும்பு ஆகியவற்றைக் கடந்த பிறகுதான் 'புதிய மனித இனம்' என்ற தலைப்புக்கு வர வேண்டும். லியாங் புவாப் பெண்ணுக்கு ஹோமோ புளோரெசியென்சிஸ் என்று பெயரிட்ட உடனேயே எதிர்ப்பும் எழுந்தது. அவள் நம் இனத்தவளே, மூளை வளர்ச்சி குன்றிய நோயாளி என்று சிலர் வாதிட்டார்கள். நோயின் பெயர் ஒவ்வொரு கட்டுரையிலும் மாறிக்கொண்டிருந்தது. இத்தகைய சண்டையில் பொதுவாசகர் எந்தப் பக்கம் நிற்பது? மண்டையோடு ஒன்றை வைத்து நடக்கும் வாதத்தை விட்டுவிட்டு, நோய் தொடாத உறுப்புகளைத் தேடுங்கள். 2007இல் அவளுடைய மணிக்கட்டு எலும்புகளை ஆய்ந்தவர்கள் அவை நம்முடையவற்றைப் போல் இல்லாமல், வாலில்லாக் குரங்குகளிலும் தொன்மையான மனித முன்னோர்களிலும் காணும் வடிவத்தில் இருப்பதைக் காட்டினார்கள். மணிக்கட்டு எலும்பின் அடிப்படை வடிவம் கருவிலேயே அமைந்துவிடுகிறது, மூளைக் குறைபாடு அதை அப்படி மாற்றுவதில்லை. பாதங்களும் காலின் நீளத்தோடு ஒப்பிட மிக நீண்டவை. அதே குகையில் வேறொருவரின் கீழ்த்தாடையும் மோவாய் இல்லாமலே கிடைத்தது, ஒரே நோயாளி என்ற வாதம் அங்கேயே தளர்ந்துவிட்டது. இதே தீவில் குகைக்கு வெளியே, மாத்தா மெங்கே என்னும் திறந்தவெளியில், ஏறக்குறைய 7,00,000 ஆண்டுப் பழமையான மிகச் சிறிய தாடையும் பற்களும் 2014இல் கிடைத்து 2016இல் அறிவிக்கப்பட்டன. என் மதிப்பீட்டில் நோய் வாதம் அதோடு முடிந்தது.

மரபணு கிடைத்தால் இந்தச் சண்டையே இருந்திருக்காது என்று தோன்றும். கிடைக்கவில்லை. வெப்பமும் ஈரமும் சேர்ந்த மண்ணில் மரபணு சிதைந்துவிடுகிறது, லியாங் புவாவில் செய்த முயற்சிகள் பயன் தரவில்லை. சைபீரியாவின் அல்தாய் மலையில் உள்ள டெனிசோவா குகையில் ஆண்டின் சராசரி வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே இருக்கிறது. அங்கே 2008இல் கிடைத்த ஒரு விரலெலும்புத் துணுக்கின் மரபணுவே, 2010இல், அதுவரை அறியப்படாத, பின்னர் டெனிசோவர் எனப்பட்ட ஒரு மனிதக் குழுவை அடையாளம் காட்டிற்று. எந்த விலங்கினுடையது என்று சொல்ல முடியாத இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எலும்புச் சில்லுகளைப் புரதச் சோதனையில் ஒவ்வொன்றாகப் பார்த்தபோது ஒன்று மனித வகை என்று தெரிந்தது. அதன் மரபணு, தாய் நியாண்டர்தால், தந்தை டெனிசோவர் என்று சொன்னது. ஆக, லியாங் புவாவில் முழு எலும்புக்கூடு இருந்தும் மரபணு இல்லை. டெனிசோவர்களுக்கு மரபணு கிடைத்தும், முகம் எப்படி இருந்தது என்று சொல்ல அந்தக் குகையில் எலும்பு போதவில்லை. 'மரபணுச் சான்று இல்லை' என்ற குறையை வெப்பமண்டலக் குகைகளின் மேல் சுமத்துவது, மழை பெய்யாத ஊரில் குடை விற்கவில்லை என்று குறைகூறுவதை ஒக்கும்.

கடைசிப் பத்தியை நிரப்புதல்

இனி குறிப்பேட்டின் நான்காம் பத்தி. லியாங் புவாவையே வைத்து நிரப்பிக் காட்டுகிறேன். சிறுமனிதர்களின் எலும்புகள் 60,000 ஆண்டுகளோடு நின்றுவிடுகின்றன. அவர்களுடையவை எனக் கருதப்படும் கருவிகள் 50,000 ஆண்டுகளோடு நிற்கின்றன. சுமார் 46,000 ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் குகையில் கருவி செய்யும் கல்லே மாறுகிறது: அதுவரை இறுகிய எரிமலைச் சாம்பற்கல்லை அதிகம் பயன்படுத்தியவர்கள் இருந்த இடத்தில், அதன்பின் தீக்கல் வகையை விரும்பியவர்கள் இருக்கிறார்கள். வந்தது நம் இனத்தவர் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதற்குத் தக்க காரணமும் உண்டு. ஆனால் கல்லைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் மாறியது என்பது ஒரு செய்தி, நாம் வந்து அவர்களை அழித்தோம் என்பது முற்றிலும் வேறொரு செய்தி. முன்னதற்குச் சான்று கையில் இருக்கிறது. பின்னதற்கு இரு இனத்தாரும் ஒரே காலத்தில் அங்கே இருந்தார்கள் என்று காட்டும் அடுக்கு வேண்டும்.

ஆகவே நான்காம் பத்தியில் இப்படி எழுதுவேன்: 50,000க்கும் 46,000க்கும் இடைப்பட்ட மண்ணில் யாருடைய எலும்பாவது கிடைத்தால் மாறும். புளோரஸின் வேறொரு குகையில் சிறுமனிதர்களின் பிற்கால எலும்பு கிடைத்தால் மாறும், ஏனெனில் இந்த ஒரு குகையைவிட்டு அவர்கள் நீங்கிய காலத்தை அந்த இனமே மறைந்த காலமாகக் கொள்ள முடியாது. அதுவரை அந்த நாலாயிரம் ஆண்டுகளுக்கு எதிரே உள்ள கட்டத்தில் நான் எதுவும் எழுதுவதில்லை, இரண்டையும் இணைத்துக் கோடு போடுவதும் இல்லை.